ஆமை வந்தால் யாரை அழைப்பது? தென்சென்னைப் புறநகரின் மீட்புச் சேவைகள் குறித்து ஒரு மதிப்புரை

மழைக்காலத்தில் வீட்டு வாசலில் ஓர் ஆமை வந்து நின்றால் தொலைபேசியில் அழைக்கக்கூடிய மீட்புச் சேவைகளைப் பற்றிய மதிப்புரை இது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஜல்லடியன்பேட்டை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் பகுதிகளில் குடியிருப்பவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் ஏரிகளின் உபரிநீர் தெருவில் ஓடத் தொடங்குகிறது. கோடை முழுவதும் சேற்றுக்குள் புதைந்து கிடந்த ஆமைகள் வெளியே வந்து புதிய நீரைத் தேடி நடக்கின்றன. அவை நடந்து பழகிய தடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்பதால் வாகன நிறுத்தத்திலும் மின்தூக்கிக் குழியிலும் வந்து சேர்கின்றன. உணவகத்துக்கும் கைப்பேசிக்கும் நட்சத்திரம் கொடுக்கிற நாம் இத்தகைய பொதுச் சேவைகளைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்பதால், சில மழைக்காலங்களாக இவற்றைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் அழைக்கக்கூடியவர்கள் மூன்று தரப்பினர்: வனச்சரக அலுவலகம், தீயணைப்பு நிலையம், தன்னார்வ மீட்பாளர்கள். இவற்றுள் என் முதல் பரிந்துரை வனச்சரக அலுவலகமே. அவர்களுடைய வாகனத்துக்காக அதைச் சொல்லவில்லை; வாகனம் புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் நடக்கிற உரையாடலுக்காகச் சொல்கிறேன். ஆமை விஷயத்தில் பாதி அழைப்புகளுக்கு வாகனமே தேவைப்படாது என்பதும், தேவைப்படாது என்று தயங்காமல் சொல்பவரே உண்மையான சேவையைச் செய்கிறார் என்பதும் என் கருத்து.

நான் அழைத்தபோது மறுமுனையில் பேசிய வனக்காப்பாளர், முகவரியைக் கேட்பதற்கு முன்பே கேட்ட கேள்வி, "சார், பக்கெட்ல தண்ணி ஊத்திட்டீங்களா?" என்பதுதான். ஊற்றவில்லை என்றதும் அவர் குரலில் தெரிந்த நிம்மதிக்குக் காரணம் பிறகு புரிந்தது. ஆமை என்றாலே நீர்வாழ் உயிரினம் என்று எண்ணி, பக்கெட்டின் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி அதில் ஆமையைப் போட்டுவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் தொலைபேசியையே எடுக்கிறார்களாம். செங்குத்தான வழுவழுப்பான பக்கெட்டில் கால் ஊன்ற இடமின்றி மணிக்கணக்கில் நீந்தும் ஆமை களைத்து மூழ்கிவிடக் கூடும். அதைவிட மோசம், வந்தது நிலத்தில் வாழும் நட்சத்திர ஆமையாக இருந்தால் அதற்கு நீந்தவே தெரியாது. அடுத்து அவர் கேட்டது கால்களைப் பற்றி. விரல்களுக்கிடையே சவ்வு இருக்கிறதா, அல்லது தூண்போல் தடித்த கால்களா? ஓடு கட்டம் கட்டமாக இருக்கிறதா, வழுவழுவென்று இருக்கிறதா? ரத்தம் தெரிகிறதா? நாய் கடித்ததா? எந்தப் பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தது? அருகில் ஏரியோ கால்வாயோ எந்தத் திசையில் இருக்கிறது? நான்கைந்து நிமிடத்தில் வந்திருப்பது என்ன, அதை என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டுக்கும் அவரிடம் விடை இருந்தது.

அன்று வந்தது பாலாமை. நம் நாட்டு ஏரி, குளம், வயல்வாய்க்கால்களில் பரவலாகக் காணப்படும் நன்னீர் ஆமை. எங்கள் பகுதிக்கு வரும் ஆமைகளில் பெரும்பாலானவை இந்த இனமே. மற்ற ஆமைகளுக்கு இருப்பதைப் போன்ற கட்டங்கள் இதன் முதுகில் இல்லை. எலும்பு ஓட்டின் மேல் பழுப்பும் பச்சையும் கலந்த ஈரத் தோல் போர்த்தியிருக்கிறது. மூக்கு சிறு குழாய் வடிவில் நீண்டு, முனையில் இரண்டு துளைகள். காலுக்கு மூன்று நகங்கள். தரையில் அசையாமல் கிடந்ததைக் குனிந்து பார்த்தபோது, பின்கால்களை உள்ளிழுத்தவுடன் அடிப்பக்கத்தில் இருந்த இரண்டு சதை மடிப்புகள் மெல்ல எழுந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டதைத் தெளிவாகக் காண முடிந்தது. தலையையும் உள்ளே வாங்கிக்கொண்டு முன்பக்கத்தையும் மூடிக்கொண்டால், பிடிக்க ஒரு விளிம்பும் கிடைக்காது. ஆபத்து நீங்கிவிட்டது என்று அதற்குத் தோன்றும் வரை அப்படியே கிடக்கும். அதைச் செத்துவிட்டது என்று எண்ணிக் குப்பைத் தொட்டியில் போடுபவர்களும் உண்டு என்று வனக்காப்பாளர் சொன்னார்.

இந்த ஆமையின் கழுத்து, உடலின் அளவைப் பார்த்து நாம் ஊகிப்பதைவிட நீளமானது. இரண்டு பக்கமும் நடுவில் பிடித்துத் தூக்கினால், தலையைப் பின்னால் வளைத்து விரலைக் கவ்விவிடும். பல் இல்லாத தாடைதான், ஆனாலும் கூர்மையானது. ஓட்டின் பின்பகுதியை, பின்கால்களுக்கு அருகில், இரு கைகளாலும் பிடிக்க வேண்டும் என்பதும், பழக்கம் இல்லாதவர்கள் கையை வைக்காமல் ஓர் அகலமான முறத்தையோ தட்டையான அட்டையையோ அடியில் செலுத்தித் தூக்கலாம் என்பதும் தொலைபேசியில் கிடைத்த அறிவுரைகள். வாலைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. குழந்தைகள் வேடிக்கைக்காக மல்லாக்கப் புரட்டிப் போடுவதையும் தடுக்க வேண்டும்.

வாகனம் தேவைப்படாத நேரம் எது என்பதுதான் இந்தச் சேவையில் நான் அறிந்துகொண்டவற்றில் மிகவும் பயனுள்ளது. காயமில்லாத பாலாமை ஒன்று தெருவைக் கடக்கிறது, நீர்நிலை நூறு இருநூறு மீட்டர் தொலைவில் இருக்கிறது என்றால், அதை அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே சாலையின் மறுபக்கத்தில் விட்டுவிட்டு, அது கண்ணுக்கு மறையும் வரை நாய்களையும் வண்டிகளையும் பார்த்துக்கொண்டால் போதும். வந்த திசைக்கே திருப்பிவிட்டால் அது மறுபடியும் அதே சாலையைக் கடக்க முயலும். நல்லெண்ணத்தோடு வண்டியில் ஏற்றி முப்பது கிலோமீட்டர் தள்ளி 'நல்ல ஏரி'யில் விடுபவர்களைப் பற்றி அந்த வனக்காப்பாளருக்குப் பெரிய வருத்தம் இருந்தது. ஆமைக்குத் தான் புதைந்திருந்த சேறும், இரை கிடைக்கும் மூலையும், கோடையில் ஒதுங்கும் கரையும் தெரியும். புதிய இடத்தில் அவை எதுவும் தெரியாது. நோயுள்ள ஆமையாக இருந்தால் அங்குள்ளவற்றுக்கும் அந்த நோயைக் கொண்டு சேர்த்தவர்களாவோம்.

வாகனம் கட்டாயம் வேண்டிய நேரங்களும் உண்டு. ஓடு விரிசல் விட்டிருந்தால், நாய் கடித்திருந்தால், தூண்டில் முள்ளோ வலைத் துண்டோ சிக்கியிருந்தால், அல்லது நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய வளாகத்தின் நடுவில் ஆமை அகப்பட்டிருந்தால் அழைத்தே ஆக வேண்டும். ஆமையின் ஓடு வெறும் மேற்கவசம் அல்ல; முதுகெலும்பும் விலா எலும்புகளும் அதனோடு இணைந்தே இருக்கின்றன; அதில் ஏற்படும் விரிசல் ஓர் எலும்பு முறிவுதான். எங்கள் குடியிருப்பில் ஒருவர் இரு சக்கர வாகனம் ஏறிய ஆமையின் ஓட்டை உடனடி ஒட்டுப்பசையால் ஒட்டிவிடத் தயாராக இருந்தார். மஞ்சள் பூசலாம் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் வேண்டாம், சுத்தமான பருத்தித் துணியை மேலே மூடி, ஈக்கள் மொய்க்காமல் பார்த்துக்கொண்டு, தண்ணீரில் இறக்காமல் வையுங்கள் என்று தொலைபேசியில் சொன்ன வனத்துறையினர், அன்று வாகனத்தோடு வந்து ஆமையை எடுத்துக்கொண்டு வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றார்கள். பசையால் மூடிவிட்டால் உள்ளே சிக்கிய அழுக்கு சீழ் பிடிக்கும் என்பது பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

மீட்க வந்தவர்களின் வேலை நேர்த்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வனக்காப்பாளரும் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரும் வந்தார்கள். கையில் காற்றுத்துளைகள் உள்ள பிளாஸ்டிக் பெட்டி, அதன் அடியில் நனைத்துப் பிழிந்த கோணிப்பை. இந்த ஆமையின் தோல் உலரக் கூடாது, அதே சமயம் அது தண்ணீரில் மிதக்கவும் வேண்டாம் என்பதற்கு இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. கூட்டத்தை ஒதுக்கிவிட்டு, ஆமையைப் பின்பக்கமாகத் தூக்கி, அடிப்பக்கத்தில் காயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்து மூடினார்கள். யாரையும் அதோடு படம் எடுக்க விடவில்லை. முகவரி, நேரம், கண்டெடுத்த இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். கட்டணம் இல்லை, 'டீ செலவுக்கு' என்று எங்கள் சங்கச் செயலாளர் நீட்டியதையும் வாங்கவில்லை. வந்து சேர அவர்களுக்கு நேரம் பிடித்தது என்பது உண்மை. மழைக்காலத்தில் பாம்புக்கான அழைப்புகளுக்கே முன்னுரிமை கிடைக்கும் என்பதையும், ஆமை யாரையும் கொல்லப்போவதில்லை என்பதையும் நினைத்தால் அது குறையாகத் தோன்றவில்லை.

அவர்கள் காத்திருக்கச் சொன்ன நேரத்தில்தான் நம் மக்களின் பழக்கங்கள் முழுவதும் வெளிப்படுகின்றன. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று எங்கள் தரைத்தள வீட்டுப் பாட்டி அறிவித்துவிட்டு, உடனே அதை வெளியே தள்ளும்படி துடைப்பத்தைக் கொடுத்தார். எதிர்வீட்டு அம்மாவோ கூர்ம அவதாரமே வந்திருக்கிறது என்று ஓட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, அகத்திக்கீரையையும் முன்னால் போட்டார். கடன்காரன் வீட்டுக்கு ஜப்தி செய்ய வரும் அமீனாவுக்கு இருந்த மரியாதைகூட இல்லாமல் துடைப்பம் ஒரு பக்கம், பூசை ஒரு பக்கம் என்று அந்த ஆமை நடுவில் மாட்டிக்கொண்டது. தோல் போர்த்திய ஓட்டில் இரசாயனம் கலந்த குங்குமத்தைத் தடவுவது அதற்கு நல்லதல்ல என்பதால் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. உணவும் தேவையில்லை, தவளை, மீன், நத்தை, நீர்த்தாவரம், செத்த உயிரினங்களின் எச்சம் என்று எதையும் தின்னும் இந்த ஆமை ஓர் இரவு பட்டினி கிடப்பதால் எதுவும் ஆகிவிடாது, ஆனால் மிரண்டிருக்கும்போது வைக்கும் சோறும் பிஸ்கட்டும் பெட்டியை அழுக்காக்குவதைத் தவிர எதற்கும் பயன்படாது.

தீயணைப்பு நிலையத்தைப் பற்றி நீண்ட மதிப்பீடு தேவையில்லை. 101-ஐ அழைத்தால் விரைவாக வருகிறார்கள். மின்தூக்கிக் குழி, மூடியற்ற கிணறு, கழிவுநீர்த் தொட்டி போன்ற இடங்களில் விழுந்த ஆமையை எடுக்க அவர்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை. எடுத்தபின் அதை வனத்துறையிடம்தான் ஒப்படைப்பார்கள். ஆகவே இறங்கி எடுக்க வேண்டிய இடம் என்றால் முதலில் அவர்கள், மற்ற நேரங்களில் நேராக வனச்சரக அலுவலகம்.

தன்னார்வ மீட்பாளர்கள் பற்றிய என் கருத்து கலவையானது. முறையாகப் பயிற்சி பெற்று, வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டே வருபவர்கள் இருக்கிறார்கள். நள்ளிரவில் அழைத்தாலும் வருபவர்கள் அவர்களே. ஆனால் ஒருமுறை சமூக ஊடகத்தில் எண் பார்த்து அழைத்தபோது வந்த ஒரு குழுவின் நடத்தை எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் யார் என்று குறிப்பிடப்போவதில்லை. ஆமையைக் கையில் ஏந்தியபடி கால் மணி நேரம் காணொளி எடுத்தார்கள், பெட்ரோல் செலவு என்று ஒரு தொகையைக் கேட்டார்கள், எங்கே விடப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு அருகிலுள்ள கோயில் குளம் ஒன்றின் பெயரைச் சொன்னார்கள். பாலாமைக்குக் கோயில் குளம் எவ்வளவு பொருந்தாத இடம் என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான்கு புறமும் கருங்கல் படிகள், சுற்றிலும் மதில், புதைந்துகொள்ளச் சேறில்லாத தரை, கோடையில் வற்றும் நீர், வற்றினால் வெளியேற வழியில்லாத அமைப்பு. சேற்றுக்குள் புதைந்து வறட்சியைக் கடத்துவதே வாழ்க்கை முறையாகக் கொண்ட ஓர் உயிரினத்துக்கு அது சிறை. ஆகவே தன்னார்வலர்களை அழைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆமையைக் கொடுப்பதற்கு முன், வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டீர்களா, எங்கே விடப்போகிறீர்கள் என்ற இரண்டையும் கேளுங்கள், தெளிவான விடை வராவிட்டால் கொடுக்காதீர்கள்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தின் பின்பலமும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கும் யானைக்கும் உரிய அதே அட்டவணையில், பாலாமை இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமையும் அங்கே சேர்க்கப்பட்டுள்ளது. இவற்றைப் பிடித்து வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறைத் தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. வழிதவறி வந்ததைக் காப்பாற்றுவதற்காகக் கையில் எடுத்தவர்களும், அது அரசின் உடைமை என்பதால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு கூறுகிறது. சாலையைக் கடக்க உதவுவது வேறு, 'குழந்தை ஆசைப்பட்டது' என்று வீட்டுத் தொட்டியில் வைத்துக்கொள்வது வேறு என்பதை வனக்காப்பாளர் பயமுறுத்தாமல், ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் எடுத்துச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஒரு செல்லப்பிராணிக் கடையில் கிடைத்தது. எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் வடிகாலில் கண்டெடுத்த உள்ளங்கையளவு பாலாமைக் குஞ்சுக்குத் தீவனம் கேட்க அவனுடைய தந்தை போன இடத்துக்கு நானும் உடன் போயிருந்தேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார். காட்டு ஆமையை வைத்திருப்பது குற்றம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. கண்ணாடித் தொட்டி, மிதக்கும் பிளாஸ்டிக் திட்டு, வண்ணக் கூழாங்கற்கள், ஒரு டப்பா உருண்டைத் தீவனம் என்று ஆமை வளர்ப்புத் தொகுப்பு ஒன்றை எடுத்து வைத்துவிட்டார். அந்தத் தொகுப்பையும் இங்கே மதிப்பிட்டுவிடலாம்: பாலாமைக்கு அது சிறிதும் உதவாது. உடலை மூடிக்கொள்ளும் அளவுக்கு மணலோ சேறோ இல்லாத கண்ணாடித் தொட்டியில் இந்த ஆமை சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். சொரசொரப்பான கூழாங்கற்களில் அடிப்பக்கத் தோல் உராய்ந்து புண்ணாகும். ஆமைக்குஞ்சு அன்று மாலையே வனச்சரக அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பையன் சிறிது நேரம் அழுதான், பிறகு அதை எங்கே விடுவார்கள் என்று கேட்கத் தொடங்கினான்.

அதே கடையின் முன்பக்கத் தொட்டியில் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை ஆமைக்குஞ்சுகள் விற்பனைக்கு இருந்தன. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள இவை நம் நாட்டைச் சேர்ந்தவை அல்ல. அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து உலகெங்கும் பரவிய சிவப்புக் காது ஆமைகள். வாங்கும்போது தீப்பெட்டிக்குள் அடங்கும் இது வளர்ந்தால் ஓட்டின் நீளம் 25 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடும், இருபது முப்பது ஆண்டுகள் வாழும். சலித்துப்போனவர்கள் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே அது நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இதற்கும் ஓர் இடம் உண்டு. சிறு ஆமைகளைக் கையாண்ட குழந்தைகளுக்குச் சால்மொனெல்லா கிருமித்தொற்று பரவியதால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை அமெரிக்காவே 1975-இல் தடை செய்துவிட்டது. எந்த ஆமையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் கண்டெடுத்தது சிவப்புக் கோடு உள்ளதாக இருந்தால் அதை எந்த நீர்நிலையிலும் விடக் கூடாது என்பது மட்டும் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லப்பட்டது. பிறகு யாரிடம் கொடுப்பது என்பதற்கு அவ்வளவு தெளிவான விடை கிடைக்கவில்லை. இந்தச் சேவையில் நான் கண்ட முதல் குறை அதுவே.

நட்சத்திர ஆமையின் கதை வேறு. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் அந்த ஆமை வறண்ட புதர்க்காட்டுக்கு உரியது; சதுப்பு நிலத்தின் ஓரத்து அடுக்குமாடியில் அது தானாக வந்து சேர வாய்ப்பு மிகக் குறைவு. அதிர்ஷ்டம் என்று யாரோ திருட்டுத்தனமாக வாங்கி வளர்த்து, தப்பியோடிய ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் இவை கட்டுக்கட்டாகப் பிடிபடும் செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். பன்னாட்டு வணிகத்தை முழுவதுமாகத் தடுக்கும் உடன்படிக்கைப் பட்டியலுக்கு இந்த இனம் 2019-இல் மாற்றப்பட்டதற்கும் இந்தக் கடத்தலே காரணம். இத்தகைய ஆமையை அருகிலுள்ள புல்வெளியில் விடுவது உதவியாகாது, ஒப்படைப்பதே வழி. பக்கத்து வளாகத்தின் தோட்டத்தில் ஒன்று கிடைத்தபோது, யாரிடமிருந்து தப்பியது என்று விசாரித்து எங்களைத் தொல்லைப்படுத்துவார்கள் என்று சங்கத்தினர் தயங்கினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துச் சென்றார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வசிப்பவர்களுக்கு ஒரு சிறு விலகல். தை முதல் பங்குனி வரை கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. கைவிளக்கு அடிக்காமல், படம் பிடிக்காமல், பின்னால் விலகி நிற்பதே அங்கு செய்ய வேண்டியது. கரையொதுங்கிச் சோர்ந்து கிடக்கும் ஆமையைத் திரும்பக் கடலுக்குள் தள்ளக் கூடாது. நிழல் கொடுத்து, மூக்கை மூடாமல் ஈரத்துணி போர்த்தி, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். சென்னைக் கரையில் 1988 முதல் இரவு நடை சென்று முட்டைகளைப் பாதுகாத்துவரும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பின் நடையில் ஒருமுறை கலந்துகொண்டால் இவை அனைத்தும் மணலிலேயே விளங்கிவிடும்.

மீண்டும் நம் சேவைக்கு வருகிறேன். இரண்டாவது குறை, ஒப்படைத்தபின் தகவல் வருவதில்லை என்பது. எங்கே விட்டார்கள், மருத்துவமனைக்குப் போனது பிழைத்ததா என்று நாமே அழைத்துக் கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் தெரியாது. கண்டெடுத்த இடத்துக்கு மிக அருகில் உள்ள நீர்நிலையிலேயே விடுவது வழக்கம் என்று சொன்னார்கள். எங்கள் ஆமை சதுப்பு நிலத்தின் வனப்பகுதிக்குள் விடப்பட்டதாக மறுநாள் கேட்டறிந்தேன். கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் அழைத்தவர்களின் நம்பிக்கை பலமடங்கு கூடும். அடுத்த முறை சந்தேகத்துக்குரிய குழுக்களை யாரும் தேடிப் போக மாட்டார்கள். மூன்றாவது, அந்தத் தொலைபேசி அறிவுரையின் தரம் பேசுபவரைப் பொறுத்தது. எனக்குக் கிடைத்தவர் தெளிவானவர். விடுமுறை நாளில் வேறொருவர் எடுத்தபோது "வண்டி வரும், வெச்சிருங்க" என்பதோடு முடிந்துவிட்டது. முதலாமவர் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதி அலுவலகத் தொலைபேசிக்கு அருகில் ஒட்டினாலே இந்த வேறுபாடு பெரும்பாலும் நீங்கிவிடும்.

ஆமைகள் வந்துகொண்டே இருப்பதற்கான காரணத்தை எந்த மீட்புச் சேவையும் சரிசெய்துவிட முடியாது. பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் நிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது; ஆனால் அதைச் சுற்றியுள்ள ஏரிகளிலிருந்து நீரோடு உயிர்களும் வந்துபோன கால்வாய்கள் பல இடங்களில் கான்கிரீட் பெட்டிகளாகவும் செங்குத்துச் சுவர்களாகவும் மாறிவிட்டன. விழுந்த ஆமை ஏறி வர முடியாத வடிகால்கள் அவை. எங்கள் வளாகத்தில் மழைநீர் வடிகாலுக்குக் கம்பி வலை மூடி போட்டதும், சுற்றுச்சுவரின் ஏரிப்பக்க மூலையில் தரையோடு ஒட்டி ஒரு சாண் அளவு திறப்பு விட்டதும் ஆமைகள் வந்த வழியே தாமாகப் போக உதவியிருக்கின்றன. அந்த யோசனையையும் சொன்னவர் அதே வனக்காப்பாளர்தான்.

மொத்தத்தில், தொலைபேசி அறிவுரைக்கு ஐந்துக்கு ஐந்து, மீட்கும் முறைக்கு ஐந்துக்கு நாலரை, பிந்தைய தகவலுக்கு ஐந்துக்கு இரண்டு என்று கொடுப்பேன். உங்கள் பகுதிக்குரிய வனச்சரக அலுவலகத்தின் எண்ணை மழை தொடங்குவதற்கு முன்பே தேடிக் காவலாளி அறையில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆமை வந்தபின் இணையத்தில் தேடினால் பழைய எண்களும் தனியார் எண்களுமே முதலில் வருகின்றன. இரவு பத்து மணிக்கு மேல் ஆமை வந்து, யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம். துணி துவைக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் ஈரக் கோணிப்பையை விரித்து, ஆமையை அதில் விட்டு, காற்றுப் போகும்படி ஒரு பலகையால் மூடி மேலே கனம் வைத்து, நாயும் பூனையும் நுழையாத குளியலறையில் விளக்கை அணைத்து வைத்துவிடலாம். நட்சத்திர ஆமையாக இருந்தால் கோணிப்பையை நனைக்க வேண்டாம். காலை அலுவலகம் திறந்தவுடன் அழைக்கும்போது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தத் திசையை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது கண்டீர்கள் என்பதைக் குறித்து வைத்திருந்து சொல்லுங்கள். அதை எங்கே திரும்ப விடுவது என்பதை அவர்கள் அதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.